நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டியின் பூர்வீகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒரு பெண்ணைத் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே செய்யும் தவறு, பேரை மட்டும் வைத்துத் தேடுவது. கப்பலில் வந்தவர்களைப் பதிந்த பட்டியலில் எத்தனையோ முனியம்மாக்கள் இருப்பார்கள், குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே ஆளே மூனியம்மா, முன்யம்மா என்று இடத்துக்கு ஒரு மாதிரி வருவார். பேரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. வீட்டிலிருக்கும் பழைய கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாவற்றிலும் பேருக்குப் பக்கத்தில் எண் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்பவே வருத்தம் தரும் தவறு: தாத்தாவின் ஊரையே பாட்டிக்கும் எழுதிவிடுவது. இத்தனை ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று விகிதம் இருந்ததால் தனியாக வந்த பெண்களையும் ஏற்றினார்கள், கப்பலேறும்வரை தங்கவைத்த சென்னை டிப்போவில் காத்திருந்தபோதோ டர்பனில் இறங்கிய பிறகோ ஜோடி சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆகவே பட்டியலில் பாட்டியின் வரியைத் தனியாகப் படியுங்கள். அதில் அவளுடைய அப்பா பேர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அவளுக்கென்றே எழுதியிருக்கும். அந்த அப்பா பேரைப் புருஷன் பேர் என்று நினைத்துவிட்டால் தேடல் வேறொரு குடும்பத்துக்குள் போய்விடும்.

சென்னையில் கப்பலேறினாள் என்றால் சென்னைக்காரி என்று அர்த்தமில்லை. வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் வேலூரோடு நிற்காமல் ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, ஆந்திராவிலுள்ள சித்தூர் பக்கமும் தேட வேண்டும். பேரோடு ஒட்டிய ஊரும் பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி ஊர்.

வயது பெரும்பாலும் உத்தேசம்தான், ஐந்தாறு வருஷம் முன்பின் இருந்தால் ஆளைத் தள்ளிவிடாதீர்கள். சாதிப் பத்தியும் குமாஸ்தா கேட்டுப் புரிந்துகொண்டதுதான், அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. அப்புறம் அங்க அடையாளப் பத்தியைப் பலரும் படிப்பதே இல்லை. கையில் பச்சை, நெற்றியில் தழும்பு என்று அதில் இருக்கும். ஒரே பேரில் இரண்டு பேர் நிற்கும்போது, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அடையாளத்தோடு ஒத்துப் பார்க்க உதவுவது அந்தப் பத்திதான்.