புளோக் வீட்டில் எத்தியோப்பியக் காப்பி

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் எதிர்வீட்டில் மூன்று வருடம் குடியிருந்த எத்தியோப்பியப் பெண், ஊருக்குத் திரும்பும்போது ஒரு கறுப்பு மண் கூஜாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உருண்டை வயிறு, ஒல்லிக் கழுத்து, பக்கத்தில் ஒரு பிடி. ஜெபெனா என்று பெயர். அவளுக்குச் சொந்த ஊர் ஜிம்மா. அரபிக்கா காப்பிச் செடி காட்டில் தானாக வளரும் தென்மேற்கு எத்தியோப்பியப் பக்கம். காப்பியை அவர்கள் 'புன்னா' என்பார்கள். அவளிடம் கற்ற முறை இது.

முதல் வேலை, நேரம் ஒதுக்குவது. ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். காப்பிக்கடையில் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிற சமாச்சாரம் இல்லை இது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆள்களைக் கூப்பிடுங்கள். எத்தியோப்பியர்கள் கணக்கில் அது ஒன்பது மணி. பகல் அங்கே விடியலில் தொடங்குகிறது, நம் காலை ஏழுதான் அவர்களுக்கு ஒன்று. என் பாட்டியும் விடியலிலிருந்துதான் நாழிகை எண்ணுவார்.

தரையில் பச்சைப் புல் பரப்ப வேண்டும். நான் தேக்கா பூக்கடையில் அருகம்புல் வாங்கிக்கொள்கிறேன். அதன்மேல் தட்டு, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்கள். அவற்றுக்கு 'சினி' என்று பெயர். சீன டீக்கடைக் கிண்ணமே போதும். ஓரமாகத் தூபக்காலில் சாம்பிராணி. எத்தியோப்பியர்கள் போடுவது அவர்கள் நாட்டின் வடக்கே வறண்ட மலைகளில் வளரும் பாஸ்வெல்லியா மரத்துப் பிசின், வாசம் கொஞ்சம் எலுமிச்சைப் பக்கம் போகும். கொறிக்க மக்காச்சோளப் பொரி. அவர்கள் வைக்கும் வறுத்த பார்லிக்குப் பதில் நான் வறுத்த கடலை வைக்கிறேன்.

இப்போது வறுப்பது. வறுக்காத பச்சைக் கொட்டையாக வாங்குங்கள். யிர்காச்செஃபே, சிடாமா, ஹரார் என எந்த எத்தியோப்பிய வட்டாரத்துக் கொட்டையானாலும் சரி. இரண்டு கைப்பிடியை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, வாணலியில் நிதானத் தீயில் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பச்சை மஞ்சளாகும், வைக்கோல் வாசம் வரும், அப்புறம் பட் பட் என்று வெடிக்கும். அதற்குப் பிறகும் விடாமல் கிளறி, கறுத்து எண்ணெய் மினுங்கும்போது இறக்குங்கள். முதல் தடவை அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினேன். மேலே கரி, உள்ளே பச்சை, அவ்வளவையும் கொட்டவேண்டியதாயிற்று.

இறக்கிய கையோடு புகையும் வாணலியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆரத்தியை ஒற்றிக்கொள்வதுபோல அவர்கள் கையால் புகையை முகத்துக்கு அள்ளிக்கொள்வார்கள். இந்த ஒரு நிமிடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சன்னல்களை முன்பே திறந்துவிடுங்கள்.

பிறகு உரலில் இடிப்பது. மிக்ஸி வேண்டாம், இடிக்கிற சத்தமும் விருந்தில் சேர்த்திதான். ஜெபெனாவில் முக்கால் அளவு நீர் கொதித்ததும் நாலு கரண்டிப் பொடி போட்டு, நுரை கழுத்துவரை ஏறும்போது இறக்குங்கள். மண்பாண்டத்தை நேரே கேஸ் தீயில் வைக்காதீர்கள், விரிசல் விடும். அடியில் தோசைக்கல் வையுங்கள். மூன்று நாலு நிமிடம் சாய்த்து வைத்தால் மண்டி அடங்கிவிடும். கொஞ்சம் உயரத்திலிருந்து, தாரை அறாமல் ஊற்றுங்கள். வயதில் மூத்தவருக்கு முதலில். பால் கிடையாது, சர்க்கரை போடலாம். சில ஊர்களில் உப்போ வெண்ணெயோ சேர்ப்பார்கள்.

முதல் சுற்று அபோல். அதே மண்டியில் மறுபடி நீர்விட்டுக் கொதிக்கவைத்தால் தோனா. மூன்றாவது பெரெக்கா, ஆசீர்வாதம் என்று பொருள். அதற்கு முன் எழுந்து போவது மரியாதை இல்லை.

பேச்சுக்குச் சங்கதி வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். காப்பி முஸ்லிம்களின் பானம் என்று எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பேரரசர் இரண்டாம் மெனெலிக் காலத்தில்தான் அந்த விலக்கு தளர்ந்தது. 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்தாரே, அதே மெனெலிக். எதிர்வீட்டுப் பெண் அட்வா பற்றிப் பேசுவதெல்லாம் இரண்டாவது சுற்றில்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள்.

எல்லாரும் போனபிறகு ஜெபெனாவை வெறும் வெந்நீரில் அலசுங்கள். சோப்பு போட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த காப்பியில் அந்த வாடைதான் வரும். கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள்.