காதை நம்பி ஆடும் புதிர் கேம்: செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் ‘டெவில்ஸ் ட்யூனிங் ஃபோர்க்’ என்ற புதிர் கேமை இலவசமாக வெளியிட்டார்கள். சுற்றிலும் இருட்டு. இசைக்கவையைத் தட்டினால் ஒலி அலை பரவும், சுவரும் படியும் ஒரு கணம் கோடுகளாகத் தெரிந்து மறையும். 2014இல் சிங்கப்பூர் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த ‘லர்க்கிங்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் மைக்கில் நீங்கள் எழுப்பும் சத்தமே வழியைக் காட்டும், அதைக் கேட்டு ஆபத்தும் தேடி வரும். இரண்டுமே படிக்கிற பிள்ளைகள் செய்தவை. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு லேப்டாப் வைத்திருக்கும் யாரும் இந்த வகையில் இறங்கலாம். கேம் செய்ய உதவும் கோடோ என்ஜின் இலவசம், ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டியும் இலவசம். நம் பக்கத்துச் சத்தங்களை வைத்து இப்படி ஒரு கேம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதனால்தான் இது எங்கெங்கே கெட்டுப்போகும் என்பதைச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் வகையைத் தீர்மானியுங்கள். மேலே சொன்ன இரண்டிலும் ஒலி கண்ணுக்குத் தெரிகிறது. 2015இல் பிரான்சிலிருந்து வந்த ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ வேறு மாதிரி: படமே கிடையாது, காதுதான் எல்லாம். இதில் எதுவென்று முடிவெடுக்காமல் திரையை மட்டும் இருட்டாக்கி வைத்தால், ஆடுபவர் போனின் பிரைட்னஸைக் கூட்டிக் கதவைக் கண்டுபிடித்துவிடுவார். சத்தத்தை முழுக்க மூடிவிட்டும் ஒரு கட்டத்தைச் சுலபமாக முடிக்க முடிந்தால், அங்கே ஒலி வெறும் அலங்காரம். அந்தக் கட்டத்தைத் தூக்கிவிடுங்கள்.

அடுத்தது முன், பின் குழப்பம். இந்த வகை கேம்களை அதிகம் கெடுப்பது இதுதான். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதுக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் சேர்கிறது. அந்த வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதையும் இரு காதுக்கும் உள்ள சத்த அளவின் வேறுபாட்டையும் வைத்து மூளை இடமா வலமா என்று சொல்லிவிடுகிறது. ஆனால் நேர் எதிரிலிருந்து வந்தாலும் நேர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தாலும் ஒலி இரண்டு காதையும் ஒன்றாகவே தொடும். நிஜ வாழ்க்கையில் காது மடலின் வடிவமும், தலையைத் திருப்புகிற நம் பழக்கமும் கைகொடுக்கின்றன. இயர்போனில் இரண்டும் கிடையாது. கோடோவின் 3டி ஒலி இடம் வலம் பிரிக்கும், தூரத்துக்கு ஏற்பக் குறைக்கும், அத்தோடு சரி. அதை நம்பி ‘பின்னால் வரும் காலடியிலிருந்து தப்பி ஓடு’ என்று புதிர் வைத்தால், ஆடுபவர் நேராக அதன் மேலேயே போய் முட்டுவார். அவர் மேல் தப்பில்லை.

இதற்கு வழி உண்டு. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் ஆடியோ என்ற மென்பொருள் இலவசம், காது மடல் செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுச் செய்யும். அது வேண்டாமென்றால், பின்னால் இருக்கும் ஒலியின் கீச்சுப் பகுதியைக் கொஞ்சம் வெட்டி மந்தமாக்குங்கள். ஆடுபவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பார்க்கவும் விடுங்கள். டக்கென்று தொண்ணூறு டிகிரி திருப்பினால் காதுக்குத் துப்பு கிடைக்காது. வழிகாட்டும் ஒலியாக ‘பீப்’ போன்ற ஒற்றைச் சுரத்தை வைக்காதீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கூத்துக்காரர் காலில் கட்டும் சலங்கை, மாட்டின் கழுத்து மணி போல விட்டு விட்டு வரும் கலகலப்பான சத்தம்தான் திசையைச் சட்டென்று காட்டும். ஒலி மேலிருந்தா கீழிருந்தா என்பதையும் இயர்போனில் பிரித்தறிவது கஷ்டம், அதனால் மேல் மாடி, கீழ் மாடிப் புதிரை இதில் எடுக்கவே வேண்டாம்.

ஒலிப்பதிவுக்கு வருவோம். நம் ஊர் என்றதும் எல்லோருக்கும் ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும். அருவியின் இரைச்சலில் எல்லா அலைவரிசையும் கலந்திருப்பதால் அது மற்ற சத்தங்களை மூடிவிடும். அருவி ஓடும் காட்சியிலேயே காலடி, சாவி, துடுப்பு என்று துப்பு வைத்தால் ஒன்றும் கேட்காது. அருவியைத் தூரத்தில் வைத்து, ‘இரைச்சல் கூடுகிறது, ஆற்றை நெருங்கிவிட்டோம்’ என்று வழிகாட்டப் பயன்படுத்துங்கள். போனில் பதிவு செய்யும்போது இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விடாமல் கேட்கும் சத்தத்தை அது தேவையில்லாத இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும். பதிவு நீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறும்.

அருவியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பட்டுப்புழு வளர்க்கும் மனைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் போனால் இன்றும் கேட்கலாம். நான்காவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்துக்கு வந்த புழுக்கள் மல்பெரி தழையை மேயும் சத்தம், ஓலைக் கூரைமேல் தூறல் விழுவது போல இருக்கும். தழை போட்டதும் எழும்பி, தின்னத் தின்ன அடங்கும். அந்த ஏற்ற இறக்கமே ஒரு கடிகாரம். ‘சத்தம் அடங்குவதற்குள் அறையைக் கடந்துவிடு’ என்று ஒரு புதிர் தானாக அமைந்துவிடுகிறது. ஆனால் அங்கே நினைத்தபடி நுழையக் கூடாது. புழுவுக்கு நோய் சட்டென்று பிடிக்கும். புழு வளர்க்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கை கால் கழுவிவிட்டுப் போங்கள். சென்ட், பவுடர் வேண்டாம்.

எதிரொலிப் புதிரில் கணக்கு முக்கியம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கிருஷ்ணகிரி சையது பாஷா மலை மாதிரி ஒரு பாறைக்கு 34 மீட்டர் முன்னால் நின்று கைதட்டினால் 0.2 விநாடியில் எதிரொலி திரும்பும். பல ப்ளூடூத் இயர்போன்களின் தாமதமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஆகவே திரையைத் தொட்ட நொடியிலிருந்து தூரத்தை ஊகிக்க வைக்காதீர்கள். கைதட்டலும் எதிரொலியும் இரண்டுமே காதில் விழட்டும், நடுவிலுள்ள இடைவெளி மட்டும் கணக்கில் வரட்டும். அப்போது தாமதம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். பாறை 17 மீட்டருக்குள் இருந்தால் எதிரொலி தனியாகக் கேட்காது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். சின்ன அறைக்கு எதிரொலி வைக்காமல், சத்தம் சுவர்களில் பட்டு நீண்டு மங்கும் முழக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. இடம் காட்டும் ஒலிக் கோப்பு மோனோவாக, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றைத் தடமாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப ஓடும் ஒலியை எம்பி3யாக வைத்தால் முனையில் சின்ன இடைவெளி விழும், ஓஜிஜி கோப்பு நல்லது. திருவிழாவில் பதிவு செய்தால் பின்னணியில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். கேம் இலவசம் என்பதால் அந்தப் பாட்டை வைத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது.

பார்வையற்றவர்கள் ஆவலோடு ஆடக்கூடிய வகை இது. அப்படியிருக்க, தொடக்க மெனுவையே படமாக வைத்து அவர்களை வாசலில் நிறுத்துவது பெரிய தவறு. கோடோ 4இல் எழுத்தைப் பேச்சாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, புராஜெக்ட் செட்டிங்கில் அதை இயக்கிவிட்டு, மெனுவில் உள்ளதைப் படிக்கச் சொல்லி கோடில் எழுத வேண்டும். போனில் தமிழ்க் குரல் இருந்தால் தமிழிலேயே படிக்கும். மெனுவின் முதல் வேலையாக, ‘இது இடது காது, இது வலது காது’ என்று ஒரு சோதனையும் வையுங்கள். மலிவு இயர்போனை மாற்றி மாட்டியவர்களுக்கு அது மிகவும் உதவும்.

வெளியிடுவதற்கு முன் நாலைந்து பேரை ஆடச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது பார்வையற்றவராக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ‘அந்தப் பக்கம் போங்க’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் திரும்பினார்கள், எங்கே தயங்கி நின்றார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறான பக்கம் திரும்பினால், அங்கே குறிப்பு எழுதி ஒட்டாமல் அந்த ஒலியை மாற்றுங்கள்.