வீட்டு இணைப்பில் மெயில் சர்வர்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமெல்லாம் ஃபைபர் இணைப்பு வந்த பிறகு, சொந்த டொமைன் பெயரில் (இணையத்தில் நமக்கென்று வாங்கிய பெயர்) மெயில் சர்வரை, அதாவது மெயிலை வாங்கி அனுப்பும் கணினியை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர் கேட்கிறார், பலகாரக் கடைக்காரர் கேட்கிறார், சிங்கப்பூர், மலேசியா என்று பங்காளிகள் பரவிக் கிடக்கும் குடும்பத்தார் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். நம் கடிதங்கள் நம் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மெயிலை வாங்கி வைப்பது வேறு, அனுப்புவது வேறு. வாங்கி வைக்க வீடு போதும். நேரடியாக அனுப்ப வீட்டு இணைப்பு சரிப்படாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண் முகவரி) என்னவென்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், அது உங்கள் வீட்டுக்கே உரிய முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். 10 என்று தொடங்கினாலும் இதே கதைதான். இதைப் பார்க்காமல் போர்ட் ஃபார்வர்டிங்கோடு (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வழியாகச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) நாள் கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (வேறிடத்தில் ஓடும் வாடகை சர்வர்) எடுத்து, அங்கிருந்து வயர்கார்டு டன்னல் (இரண்டு சர்வர்களை இணைக்கும் பாதுகாப்பான தனிவழி) வழியாக மெயிலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஐபி அடிக்கடி மாறும் இணைப்பில் டைனமிக் டிஎன்எஸ் (ஐபி மாறும்போதெல்லாம் டொமைன் பெயரைப் புது ஐபிக்குத் திருப்பும் சேவை) வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் சர்வர் அணைந்து கிடந்தால் அனுப்பியவரின் சர்வர் காத்திருந்து மறுபடி முயலும். ஆனால் உங்கள் பழைய ஐபி வேறொருவருக்குப் போய், அங்கே இன்னொரு மெயில் சர்வர் பதில் சொன்னால், ‘இந்த டொமைன் இங்கே இல்லை’ என்று அது உடனே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கடிதம் போனது போனதுதான்.

அடுத்தது அனுப்புவது. வீட்டு இணைப்பிலிருந்து போர்ட் 25 (மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் வாசல்) வழியாக வெளியே போவதைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்கவில்லை என்றாலும், வீட்டு இணைப்புகளுக்கான ஐபி வரிசைகளை ஸ்பாமைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியல் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் சர்வர்கள் வாசலிலேயே மறுத்துவிடும். பிடிஆர் பதிவும் வேண்டும். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் அந்தப் பதிவு ஐபி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைப்பது. டொமைன் வாங்கிய இடத்தில் உங்களால் வைக்க முடியாது. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் சின்ன அனுப்புநர்களிடம்கூட எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) அல்லது டிகிம் (கடிதத்தில் டொமைன் போடும் டிஜிட்டல் கையொப்பம்), சரியான பிடிஆர், டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி மறையாக்குவது) எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறது. பெங்களூர் ஆர்க்கிடெக்டுக்கு அனுப்பிய டைல்ஸ் விலைப்பட்டியல் ஸ்பாமில் கிடப்பதை, ஆர்டர் கைநழுவிய பிறகுதான் தெரிந்துகொள்ள நேரும்.

அதனால் அனுப்புவதை உங்களுக்காக மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் விடுங்கள். மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற வரி, ஒரு பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் 587. அவ்வளவுதான். மெயில் பெட்டி வீட்டிலேயே இருக்கும். ரிலேயின் பெயரை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்கும்போது பழைய வரியையே திருத்துங்கள். இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரி போட்டால் இரண்டுமே செல்லாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், ‘அப்பா, என் மெயிலெல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க’ என்பார். செய்யாதீர்கள். வந்த ஸ்பாமும் சேர்ந்து போகும். அதை அனுப்பியது நீங்கள்தான் என்று ஜிமெயில் கணக்கு வைத்துக்கொள்ளும். அவர் போனிலேயே ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே வைத்துப் படிக்கும் முறை) கணக்காகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தானது. போஸ்ட்ஃபிக்ஸில் மைநெட்வொர்க்ஸ் என்றொரு வரி உண்டு. அதில் இருக்கும் முகவரிகளிலிருந்து வருபவர்கள் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் சர்வர் வழியாக யாருக்கும் அனுப்பலாம். வீட்டு நெட்வொர்க் என்று 192.168, 10 எனத் தொடங்கும் முகவரிகளை மொத்தமாக அதில் போட்டுவிடுவார்கள். டன்னல் வழியாக வரும் இணைப்புகளுக்கு விபிஎஸ் தன் முகவரியையே ஒட்டி அனுப்பினால், ரஷ்யாவிலிருந்து வந்தாலும் பிரேசிலிலிருந்து வந்தாலும் உங்கள் லாகில் (சர்வர் எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பு) எல்லாம் 10.0.0.1 என்றே தெரியும். சர்வர் அதை வீட்டு ஆள் என்று நம்பிவிடும். உலகத்து ஸ்பாமர் எல்லாருக்கும் கதவு திறந்தாயிற்று. அந்த வரியில் 127.0.0.1, அதாவது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி, மட்டும் இருக்கட்டும்; வீட்டுக்குள் இருப்பவர்களும் கடவுச்சொல் போட்டே அனுப்பட்டும். அப்புறம் லாகைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு உண்மையான வெளி முகவரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

மின்தடைக்குப் பயப்பட வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் போனாலும், அனுப்புபவரின் சர்வர் பொதுவாக நாலைந்து நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். இதற்காக இரண்டாவது எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் மாற்று சர்வர்) வைப்பது ஸ்பாமர்களுக்கு இன்னொரு வாசல் வைப்பதுதான். நம் ஊர் வீடுகளில் நடப்பது வேறு: ஃபைபர் பெட்டி முகப்பில், சர்வர் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டு, முகப்பில் இருக்கும் பெட்டியையும் ரவுட்டரையும் மறந்துவிடுவார்கள். சர்வர் இன்வெர்ட்டரில் ஓடினால், இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம்.

டிஎல்எஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் குறுகிய காலத்துக்குத்தான். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும் போஸ்ட்ஃபிக்ஸையும், மெயில் பெட்டியை ஐமேப் வழியாகத் திறந்து காட்டும் டோவ்காட்டையும் ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, டொமைன் வாங்கிய கணக்குக்கு அந்த டொமைனிலேயே இருக்கும் மெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் நினைவூட்டலும் வராது, கடவுச்சொல்லை மாற்றும் லிங்க்கும் வராது. அதற்கு மட்டும் வெளியே ஒரு முகவரி வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.