அம்பாசிடர் ஹெட்லைட் கிண்ணத்துக்கு வீட்டிலேயே துரு நீக்கிப் பெயின்ட் அடிப்பது எப்படி

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் துரு என்றால் கதவின் அடிவிளிம்பையும் தரைத் தகட்டையும்தான் குனிந்து பார்ப்பார்கள். முன் மட்கார்டுக்குள் ஹெட்லைட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் இரும்புக் கிண்ணம் யார் கண்ணிலும் படாது. வெளியே குரோம் வளையமும் 7 அங்குல வட்டக் கண்ணாடியும் பளபளவென்று இருக்கும். கிண்ணத்தின் முதுகுப்பக்கமோ நேராகச் சக்கரத்தைப் பார்த்து இருக்கிறது. இப்போதைய கார்களில் மட்கார்டின் உள்ளே பிளாஸ்டிக் மறைப்பு வருகிறது. அம்பாசிடரில் அது இல்லை. சக்கரம் வாரி இறைக்கும் சேறு முழுவதும் அந்த முதுகில் அப்பிக்கொள்ளும். அப்பிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகடு அங்கிருந்து அரிக்கத் தொடங்கும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பாவின் மார்க் 4 பல வருடம் உப்பளப் பாதையில் ஓடிய வண்டி. அதனால் இந்த வேலையில் நான் பெயின்டைவிடக் கழுவுவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். இரண்டு கிண்ணத்துக்கும் ஆகும் பெயின்ட் கால் லிட்டருக்கும் குறைவு. அது எத்தனை வருடம் நிற்கும் என்பதை அதற்கு முன்னால் செய்கிற வேலைதான் முடிவு செய்கிறது.

கழற்றுவதற்கு முன் ஒரு காரியம். வண்டியைச் சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, இருட்டியதும் லைட்டைப் போட்டு, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் பாரம் எதுவும் வேண்டாம். லைட்டைத் திருப்பி மாட்டும்போது இந்தக் கோடுகள் இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். குரோம் வளையத்தின் கீழே ஒரு திருகு இருக்கும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்புளியைப் போட்டு அழுத்தினால் திருகின் தலை வழுக்கிவிடும், பிறகு அதைத் துளை போட்டுத்தான் எடுக்க முடியும். வளையம் வந்ததும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தின் சிறு திருகுகள் தெரியும். பக்கத்திலேயே ஸ்பிரிங்கோடு இருப்பவை வெளிச்சத்தின் திசையை மாற்றும் திருகுகள். அவற்றையும் கழற்ற வேண்டி வந்தால், வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கழற்றுங்கள்.

கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் ஒன்றாகவே வரும். ரிஃப்ளெக்டருக்குள் துணியோ விரலோ போகக் கூடாது. அந்த வெள்ளிப் பூச்சு அவ்வளவு மெல்லியது, ஒரு தடவை துடைத்தாலே கோடு விழுந்துவிடும். பல்பு இருக்கும் ஓட்டையைப் பேப்பரால் மூடி, செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியையும் வெறும் கையால் தொட வேண்டாம். கை எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். வயர் எந்த நிறம் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

மட்கார்டில் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்ததும் கிண்ணம் கையோடு வந்துவிடும். முதலில் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு கிரீஸையும் பழைய தாரையும் கரையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். காய்ந்த பிறகு திருப்புளி நுனியால் முதுகு முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும் அல்லது நுனி உள்ளே இறங்கிவிடும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு கிண்ணம் தேட வேண்டும். எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் பட்டி வைத்து அடைத்துக் கொடுத்திருந்தார்கள். உள்ளிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதுகில் கல் அடிக்க அடிக்கப் பட்டி விரிந்து, அந்த விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து, சுற்றியிருந்த நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. இந்த இடத்துக்குப் பட்டி வேண்டவே வேண்டாம்.

கம்பி பிரஷால் உதிர்கிற துருவை எடுத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். அதன் கோடு மறைய 180. குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் துரு தாளுக்கு எட்டாது. அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பிரஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி கழுவுவது. கடலோர ஊர்க்காரர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. அதனால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு தங்கிவிடும். பிரைமரை அதன் மேலேயே அடித்தால், அந்த உப்பு பெயின்ட் வழியாக ஈரத்தை இழுத்து இழுத்து, கொஞ்ச நாளில் சிறுசிறு கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளத்தைக் கீறிப் பார்த்தால் அடியில் துரு. கடைசி இரண்டு அலசலுக்குக் குடிதண்ணீர் கேனைத் திறந்துவிடுங்கள். அலசிய உடனே துணியால் துடைத்து, உச்சி வெயிலில் வையுங்கள். வெறும் தகடு எங்கள் காற்றில் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் செம்மண் நிறம் ஏறியிருக்கும். காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரம். ஆனி, ஆடியில் புழுதிக் காற்று பெயின்டில் மணலைக் கொண்டுவந்து ஒட்டும். மாசி, பங்குனியில், காலைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்குவதே எனக்குப் பிடித்த நேரம்.

பிரைமருக்கு என் தேர்வு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி. கலவை அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் டப்பாவில் உள்ளபடி அளந்தே ஊற்றுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடும் நடக்கும், விலையும் குறைவு. ஆனால் அது தனியாக நின்று தண்ணீரைத் தடுக்காது, மேலே பெயின்ட் கட்டாயம் வேண்டும். அதன் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்துவிடாதீர்கள். என்.சி. தின்னர் அடியிலிருக்கும் ரெட் ஆக்சைடைக் கிளப்பிச் சுருங்க வைத்துவிடும். சிந்தெடிக் எனாமல்தான் அதற்குச் சரியான ஜோடி. இரண்டாவது டப்பாவில் ஹார்டனர் வரும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் புகையில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

பெயின்டுக்கு முன் மறைக்க வேண்டியவை: திருகு மரைகள், எர்த் வயர் உட்காரும் இடம், அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் அதுவும். எர்த் இடத்தில் பெயின்ட் ஏறினால் லைட் மங்கும் அல்லது விட்டுவிட்டு எரியும். வடிகால் அடைத்தால் கிண்ணத்துக்குள்ளேயே தண்ணீர் தேங்கி மறுபடி துருதான்.

முதுகுப்பக்கத்துக்குப் பிரஷ்தான் நல்லது. மடிப்புக்குள்ளும் விளிம்புக்கு அடியிலும் பெயின்டை அழுத்தித் தேய்த்து ஏற்ற முடியும். பிரைமர் இரண்டு கை. லேசாக உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு, கறுப்பு எனாமல் மெல்லியதாக இரண்டு கை. உட்பக்கம் ஸ்ப்ரே டப்பாவால் அடிப்பதென்றால், அடியில் உள்ள பிரைமருக்குப் பொருந்துகிற டப்பாவாகப் பார்த்து வாங்கி, ஒரு அடி தூரத்திலிருந்து கையை நகர்த்திக்கொண்டே அடியுங்கள். நின்றால் வழியும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து எனாமல் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இறுக ஒரு வாரம் கொடுங்கள். அதற்குமுன் ரப்பர் கேஸ்கட்டை வைத்து இறுக்கினால் ரப்பர் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை கழற்றும்போது பெயின்டும் உரிந்து வரும். இறுகிய பிறகு முதுகில் தார் வகை அண்டர்கோட்டிங் ஒரு கை ஏற்றினால் கல்லடிக்கு நல்ல காவல்.

மாட்டும்போது கேஸ்கட்டும் வயர் நுழையும் ரப்பரும் புதிதாகப் போடுங்கள். பழசு விறைத்துப்போயிருக்கும், அதன் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு திருகுக்கும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். எர்த் முனையைப் பளிச்சென்று தேய்த்து இறுக்கி, அதன் மேலும் வாசலின் பூசுங்கள். பிறகு அதே சுவர், அதே 25 அடி, வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்கு வரும்வரை ஸ்பிரிங் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முதல் பெருமழையில் ஓட்டிய மறுநாள் குரோம் வளையத்தை மட்டும் எடுத்து, கிண்ணத்தின் அடியில் ஈரம் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நின்றால் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. அதைக் கழற்றித் திரும்ப வையுங்கள்.