ஆங்கிலச் சொல் பெயரா, பெயரடையா? கண்டுபிடிக்கும் வழி

தமிழில் சொல்லின் ஈற்றைப் பார்த்தாலே அதன் வேலை பாதி தெரிந்துவிடும். ‘மரம்’ கதவோடு சேர்ந்தால் ‘மரக்கதவு’, ‘வீடு’ சேர்ந்தால் ‘வீட்டுக் கதவு’. ‘அழகு’ பெயரடையாக வரும்போது ‘அழகான’ என்று நீளும். ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ எங்கே நின்றாலும் ‘ஸ்கூல்’தான். அதனால் சொல்லின் உருவத்தை விட்டு, அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்றொடரின் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள். பொருளின் பெயர் அதுதான். ‘ஹோர்ஸ் ரேஸ்’ குதிரைப் பந்தயம், ‘ரேஸ் ஹோர்ஸ்’ பந்தயக் குதிரை. தமிழிலும் இதே வரிசை என்பதால் இதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை.

அடுத்து, முன்னால் நிற்கும் சொல்லைச் சோதியுங்கள். அதற்கு முன் ‘வெரி’ போடலாமா? அதை ‘இஸ்’ஸுக்குப் பின்னால் வைக்கலாமா? ‘எ வெரி பிக் பஸ்’, ‘த பஸ் இஸ் பிக்’ இரண்டும் சரி, ஆகவே ‘பிக்’ பெயரடை. ‘எ வெரி ஸ்கூல் பஸ்’, ‘த பஸ் இஸ் ஸ்கூல்’ இரண்டும் பிழை, ஆகவே ‘ஸ்கூல்’ பெயர்தான், பெயரடையின் இடத்தில் நிற்கிறது. ‘வெரி’யை மட்டும் நம்பாதீர்கள். ‘ஜஃப்னா பப்ளிக் லைப்ரரி’யில் ‘பப்ளிக்’ பெயரடை, ஆனாலும் அங்கே ‘வெரி’ ஒட்டாது. கொட்டன் போன்ற துணிப் பெயர்களும் குழப்பும்: ‘த சேட் இஸ் கொட்டன்’ என்று சொல்வார்கள்.

இந்த வேறுபாடு வரிசைக்குத் தேவை. உண்மையான பெயரடை முதலில் வரும், விளக்கும் பெயர் கடைசிச் சொல்லை ஒட்டி நிற்கும். ‘எ வைற் கொட்டன் சேட்’ சரி, ‘எ கொட்டன் வைற் சேட்’ பிழை.

அதிகம் பிழை விடுவது பன்மையில். பிள்ளைகள் ‘எ த்ரீ ஹவர்ஸ் பேப்பர்’ என்று எழுதுவார்கள், மூன்றுக்குப் பின் பன்மை வேண்டுமென்ற விதியைப் பாடமாக்கி வைத்திருப்பதால். விளக்கும் இடத்தில் நிற்கும் பெயர் பொதுவாக ஒருமையில்தான் நிற்கும்: ‘எ த்ரீ ஹவர் பேப்பர்’. எழுதும்போது ‘த்ரீ’க்கும் ‘ஹவரு’க்கும் இடையில் சிறுகோடு போட வேண்டும். ‘இஸ்’ஸுக்குப் பின்னால் போனால் பன்மை திரும்பி வரும்: ‘த பேப்பர் இஸ் த்ரீ ஹவர்ஸ் லோங்’. உண்மையில் இங்கே தமிழே நல்ல வழிகாட்டி. நல்லூர்த் திருவிழாவை ‘25 நாள் திருவிழா’ என்கிறோம், ‘நாட்கள் திருவிழா’ என்பதில்லை. ஆங்கிலத்திலும் ‘எ ட்வென்ரி ஃபைவ் டே ஃபெஸ்டிவல்’. 500 ரூபாத் தாளும் அப்படித்தான், ‘ருபீஸ் நோட்’ என்று வராது. ‘ஸ்போர்ட்ஸ் மீற்’, ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’, ‘கஸ்டம்ஸ் ஒபிசர்’ போன்ற சில விலக்குகளை அப்படியே பாடமாக்க வேண்டியதுதான்.

பெயரடை பெயராவது இன்னொரு பக்கம். ‘த புவர்’ என்றால் ஏழைகள் எல்லோரும். ஆகவே ‘த புவர் ஆர்’, ‘இஸ்’ அல்ல. ஒருவரைச் சொல்ல ‘எ புவர்’ போதாது, ‘எ புவர் மான்’ வேண்டும். தமிழில் ‘நல்ல’ என்பதோடு ‘து’ சேர்த்து ‘நல்லது’ ஆக்கிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘திஸ் இஸ் எ குட்’ என்று நிறுத்தக் கூடாது, ‘எ குட் வன்’ என்று முடிக்க வேண்டும்.

சில சொற்கள் இரண்டு வேலையும் செய்து பொருளும் மாறும். ‘ஐ ஆம் கோல்ட்’ எனக்குக் குளிருது, ‘ஐ ஹாவ் எ கோல்ட்’ எனக்குத் தடிமன். இரண்டையும் பிரிப்பது ‘எ’தான். ‘ஆன் ஒரேஞ்ச்’ தோடம்பழம், ‘ஆன் ஒரேஞ்ச் சாறி’ செம்மஞ்சள் சேலை. ‘லைற்ஸ்’ என்று பன்மை ஏற்றால் விளக்கு, ‘லைற்றர் பாக்’ என்று ஒப்பிட முடிந்தால் பாரம் குறைந்த பை. கொப்பியில் இப்படியான சொல்லைத் தனியே எழுதி அர்த்தம் போடாமல், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முழு வசனம் எழுதி, ‘எ’, ‘ஆன்’, ‘த’ வரும் இடங்களின் கீழ் கோடிடுங்கள்.