தீப்பந்தம் ஆறு டர்ன்தான் எரியும்: பழைய பாணி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியும் பகடை உருட்டியும் சாகசம் செய்யும் ஆட்டம். அதன் புதிய பதிப்புகளில் ஆடிப் பழகியவர்கள் பழைய விதிப்புத்தகத்தைப் புரட்டியதும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என் ஆளுக்கு இதில் என்னதான் செய்யத் தெரியும்?" நியாயமான கேள்வி. 1981இல் வந்த பேசிக் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி எத்தனை என்பதை நான்கு பக்கப் பகடை ஒன்றை உருட்டித்தான் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு அவருக்கு ஒரே ஒரு மந்திரம். பூசாரிக்கு அந்த லெவலில் மந்திரமே கிடையாது. பொறியைக் கண்டுபிடிப்பதுதான் திருடனின் தொழில், ஆனால் அவன் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி, இரண்டாவது வாய்ப்பெல்லாம் இல்லை.

இதைப் பார்த்துவிட்டுப் பலர் "அரைகுறையாக எழுதப்பட்ட பழைய விதிகள்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் பத்து சதவீதம் உங்களிடம் ஒன்று சொல்கிறது: பகடையை நம்பி வராதே, கேள். தரை எப்படி இருக்கிறது, கதவின் கீல் எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறது என்று நடுவரிடம் கேட்டுக் கேட்டு முன்னேறுவதுதான் இந்த ஆட்டம். (உலகத்தை விவரித்து ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரை நான் நடுவர் என்றே சொல்கிறேன், பழைய புத்தகங்களும் அந்தப் பொருளில்தான் அவரைக் குறிப்பிட்டன.) உங்கள் தாளில் உள்ள எண்கள் எல்லாம் கேள்விகள் தீர்ந்துபோனபின் விழும் கடைசி வலை.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள் இருந்தன. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். அது பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்காக எழுதப்பட்டது, அதனால் பாதி விஷயம் "உங்களுக்கே தெரியும்" என்ற தொனியில் விடப்பட்டிருக்கும். படித்து ரசிக்க அருமை, அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆடுவது கஷ்டம். டாம் மால்ட்வே தொகுத்த 1981 பேசிக் புத்தகம் 64 பக்கம்தான், அதில் எல்லாம் தெளிவாக இருக்கும். அதே விதிகளைத் திருத்தமாக அடுக்கித் தருவது ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற புத்தகம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பேசிக் ஃபேன்டஸி என்ற விதிப்புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை எடுத்து அதிலேயே பத்து முறை ஆடுங்கள். மூன்று புத்தகங்களிலிருந்து விதி பொறுக்கிச் சேர்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆள் உருவாக்க 10 நிமிடம் போதும். ஆறு பக்கப் பகடை மூன்றை ஆறு முறை உருட்டி, வந்த வரிசையிலேயே வலிமை முதல் கவர்ச்சி வரை ஆறு பண்புகளுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றி அடுக்காதீர்கள். நமக்குப் பிடித்த ஆளைச் செய்துகொள்வதில் ஒரு சுகம் உண்டுதான், ஆனால் வலிமை 7, அறிவு 14 என்று ஒருவர் வந்து நிற்கும்போது "இவரை வைத்து என்ன செய்யலாம்" என்று யோசிப்பது வேறு வகைச் சுகம். பின்கதை எழுத வேண்டாம். பெயர் போதும். நாலு முறை நிலவறைக்குள் போய் உயிரோடு திரும்பிவிட்டால் அந்த நாலு பயணமும்தான் அவருடைய கதை, மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் அது மனப்பாடமாகத் தெரியும்.

கடைப் பட்டியலில் மட்டும் அவசரப்படாதீர்கள். புதியவர்கள் கையிலிருக்கும் தங்கத்தை எல்லாம் வாளுக்கும் கவசத்துக்கும் கொட்டிவிட்டு, நிலவறை வாசலில் நின்று "தீப்பந்தம் யாரிடம் இருக்கிறது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பத்தடிக் கழி, 50 அடிக் கயிறு, இரும்பு ஆணிகள், எண்ணெய்க் குப்பி, சாக்கு, சுண்ணக்கட்டி, ஒரு வாரச் சாப்பாடு. கழிக்கும் கயிற்றுக்கும் தலா ஒரே ஒரு தங்கக் காசுதான் விலை, வாளைவிட அதிக உயிரைக் காப்பாற்றுவதும் அவைதான். கூலிக்கு ஆள் கிடைத்தால் அழைத்துப் போங்கள். பந்தம் பிடிக்க ஒரு கை, மூட்டை தூக்க ஒரு முதுகு. அவர்களை மதித்து நடத்துங்கள், அவர்களுடைய விசுவாசத்துக்கும் ஓர் எண் உண்டு, நீங்கள் அவர்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் பதுங்கினால் அது வேண்டாத நேரத்தில் சரியும்.

இனி, இந்த ஆட்டத்தின் இதயம் எது என்று கேட்டால் நான் கடிகாரத்தைத்தான் சொல்வேன். நிலவறைக்குள் நேரம் டர்ன் கணக்கில் ஓடும், ஒரு டர்ன் என்றால் 10 நிமிடம். தீப்பந்தம் ஆறு டர்ன், விளக்கில் ஒரு குப்பி எண்ணெய் 24 டர்ன். ஆறில் ஒரு டர்ன் ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு சுவரில் ரகசியக் கதவு இருக்கிறதா என்று தேடினால் ஒரு டர்ன் போயிற்று, இரும்புக் கவசம் போட்டவர் வரைபடம் போட்டபடி 60 அடி நடந்தால் இன்னொரு டர்ன். இரண்டு டர்னுக்கு ஒரு முறை நடுவர் ஆறு பக்கப் பகடையை உருட்டுவார், ஒன்று விழுந்தால் எதுவோ உங்களை நோக்கி வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து அலுத்துப்போய் "தீப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோமே" என்று விட்டுவிடும் குழுக்கள் ஏராளம். தயவுசெய்து விடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு அறையையும் அங்குலம் அங்குலமாகத் தேடுவதற்கு விலையே இல்லாமல் போய்விடும், அப்புறம் எந்த முடிவிலும் பதற்றம் இருக்காது. நடுவர் ஒரு தாளில் கட்டம் போட்டு டர்னுக்கு ஒரு கோடு போட்டால் போதும், இரண்டாவது மணி நேரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அறையில் கணுக்கால் அளவுக்குத் தூசி, எதிர்ச் சுவரோரம் ஒரு கற்பெட்டி.

"பொறி இருக்கா? ரோல் பண்ணட்டுமா?" என்கிறார் திருடனாக ஆடுபவர்.

"பண்ணலாம். 10 சதவீதம். இல்ல, எங்க பாக்குறேன்னு சொல்லு" என்கிறார் நடுவர்.

திருடன் கொஞ்சம் யோசிக்கிறார். "தூசில கால் தடம் ஏதாவது தெரியுதா?"

"தெரியுது. வாசல்ல இருந்து இடது சுவரை ஒட்டியே போய்ப் பெட்டிகிட்ட முடியுது. திரும்பி வந்த தடமும் அதே வழிதான்."

"நடுவுல?"

"ஒண்ணுமே இல்ல. தூசி அப்படியே படிஞ்சிருக்கு."

"கழியால நடுத் தரையைத் தட்டுறேன்."

"பொத்துன்னு கேக்குது. கீழ வெற்றிடம்."

பகடை உருளவில்லை, ஆனால் மேஜையில் எல்லோரும் முன்னால் சாய்ந்துவிட்டார்கள். இடது சுவரில் ஆணி அடித்துக் கயிறு கட்டி ஒருவர் மட்டும் போவது என்று முடிவாகிறது. ஆணி அடிக்கும் சத்தம் கேட்குமே என்று மந்திரவாதி கவலைப்படுகிறார், நியாயமான கவலை. நடுவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பகடையை உருட்டுகிறார். ஒன்று. வாசலில் ஆறு கோப்ளின்கள், குட்டையான பொல்லாத பூதங்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில் சட்டென்று வாளை உருவுவார்கள். பொறுங்கள். பழைய விதியில் ரியாக்‌ஷன் ரோல் என்று ஒன்று இருக்கிறது. வந்திருப்பவர்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று இரண்டு ஆறு பக்கப் பகடை உருட்டிப் பார்ப்பது. 2 விழுந்தால் உடனே தாக்குவார்கள், 3 முதல் 5 வரை விரோதம், 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்க மாட்டார்கள், நீங்கள் பேசினால் கேட்பார்கள், 12 என்றால் நட்பே. கணக்குப் போட்டுப் பாருங்கள், 36 வாய்ப்பில் ஒன்றில் மட்டும்தான் நேரடித் தாக்குதல், குழப்பம் மட்டும் 16. அதாவது எதிரே வருபவரில் பலர் "யார் நீங்கள், இங்கே என்ன வேலை" என்ற நிலையில்தான் இருப்பார்கள். சாப்பாட்டு மூட்டையைக் காட்டுங்கள். "பெட்டியில் இருப்பதில் பாதி உங்களுக்கு" என்று பேரம் பேசுங்கள். எங்கள் குழு ஒருமுறை உப்புக் கண்டம் கொடுத்துக் கோப்ளின்களிடம் வாங்கிய ஒரு தகவலால் ஐந்து அறைகளைச் சண்டையே இல்லாமல் தாண்டியது, அந்த இரவை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சண்டை தவிர்க்க முடியாமல் வந்துவிட்டால் எதிரியின் மன உறுதியைச் சோதிக்கும் மொரேல் விதியை மறக்க வேண்டாம். எதிரிக் கூட்டத்தில் முதல் ஆள் சாயும்போதும், பாதிப் பேர் சாய்ந்தபோதும் நடுவர் இரண்டு பகடை உருட்டுவார். அவர்களுடைய மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். சாதாரணக் கோப்ளினுக்கு அந்த எண் 7, ஆகவே ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் சிதறுவது அபூர்வமே இல்லை. கடைசி ஆள் வரை வெட்டிக்கொண்டு சாகும் எதிரிகள் அலுப்பூட்டுபவர்கள். ஓடிப் போனவன் மட்டும் சுவாரசியமானவன், ஏனென்றால் அவன் யாரிடமோ போய்ச் சொல்வான்.

ஏன் இவ்வளவு தூரம் சண்டையைத் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், அதில் லாபம் மிகவும் குறைவு. ஒரு கோப்ளினைக் கொன்றால் கிடைப்பது 5 அனுபவப் புள்ளி. வீரர் இரண்டாவது லெவலுக்குப் போக 2,000 வேண்டும், தனியாளாக 400 கோப்ளின்! ஆனால் நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. இதில் இன்னோர் அழகு இருக்கிறது. அந்தக் கால விதியில் 10 காசு ஒரு பவுண்டு எடை, அப்படியென்றால் 2,000 காசு 200 பவுண்டு, கிட்டத்தட்ட 90 கிலோ. ஓர் ஆள் மொத்தமாகச் சுமக்க முடிவதே 1,600 காசு எடைதான், அதுவும் ஊர்ந்துகொண்டு. புதையலைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் "இதை எப்படி வெளியே கொண்டுபோவது, மீதியை எங்கே ஒளிப்பது, பந்தம் இன்னும் எத்தனை டர்ன்?" என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும். எந்தச் சண்டையைவிடவும் அந்த வாக்குவாதம் எனக்குப் பிடிக்கும்.

நடுவராக உட்காருபவருக்கு இரண்டு விஷயம். முதலாவது, தகவலை ஒளிக்காதீர்கள். அறைக்குள் நுழைந்தவருக்குக் கண்ணில் படுவதை, மூக்கில் படுவதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள், மற்றதைக் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால் அது ஆட்டக்காரர் பொறுப்பு, ஆழத்தைச் சொல்லாமல் விட்டால் அது உங்கள் பொறுப்பு. நான் முதன்முதலில் நடத்தியபோது எச்சரிக்கையே இல்லாத ஒரு விஷ ஊசியை ஒரு கதவுக் கைப்பிடியில் வைத்தேன். ஒருவர் தொட்டார், பகடை தவறியது, செத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் எல்லாக் கதவையும் கழியால் திறந்தார்கள், ஆட்டம் ஆமையாக நகர்ந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒரு செத்த எலியைப் போட்டிருந்தால் போதும். இரண்டாவது, பகடையை எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள், விழுந்தது விழுந்ததுதான். ஒருவருக்காக இரக்கப்பட்டு ஒருமுறை மாற்றினீர்கள் என்றால், அவர் பிறகு சொந்தத் திறமையால் பிழைத்தாலும் அவருக்கே அதில் நம்பிக்கை வராது.

ஆடிக்கொண்டே பழைய புத்தகங்களையும் படியுங்கள், சுவை கூடும். பல ஆண்டுகள் பேசிக் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தரப்பட்ட 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' (ஒரு கோட்டையையும் பக்கத்துக் குகைகளையும் விவரிக்கும் சாகசப் புத்தகம்) நல்ல தொடக்கம். பார்த்தால் குகைகள், குகைக்குள் கூட்டங்கள், அவ்வளவுதான் என்று தோன்றும். கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் கவனித்துப் படித்தால், பக்கத்துப் பக்கத்துக் குகைகளில் இருக்கும் கூட்டங்களுக்குள் பகை இருக்கிறது, கோப்ளின்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சண்டைக்கு வரும் ஓகர் என்ற பெரிய அரக்கன் ஒருவன் இருக்கிறான். காசுக்கு வருபவன் என்றால் நாமும் பேசிப் பார்க்கலாமே! கதை எழுதித் தரவில்லை, கதை பற்றிக்கொள்ளும் இடங்களை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பெயரில்லாத இடங்களை உங்கள் குழு நிரப்பும். அந்தக் காலப் பகடைகளும் அப்படித்தான் வந்தன: எண்கள் வெறும் பள்ளமாக இருக்கும், கூடவே ஒரு கிரேயான் கொடுப்பார்கள், தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியது நாம்.

முதல் ஆட்டத்துக்கு நாலு பேர், மூன்று மணி நேரம், 10 அறை உள்ள ஒரு நிலவறை போதும். ஒருவர் கட்டத்தாளில் வரைபடம் போடட்டும், ஒரு கட்டம் பத்தடி. நேரம் முடிய அரை மணி இருக்கும்போது வெளியேறத் தொடங்கிவிடுங்கள், ஆட்டத்தை நிலவறைக்கு வெளியே முடித்தால்தான் அடுத்த வாரம் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்ற தலைவலி இருக்காது. யாராவது செத்துவிட்டால் அங்கேயே புதிய ஆளுக்குப் பகடை உருட்டச் சொல்லுங்கள், அடுத்த அறையில் கட்டிப்போடப்பட்ட கைதியாக அவர் கிடைப்பார். போய்ப் பார்க்காத கதவு ஒன்று வரைபடத்தில் கட்டாயம் மிஞ்சும். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தாளை மடித்து வையுங்கள், அடுத்த ஆட்டம் அங்கிருந்து தொடங்கும்.