கெல்ப் சாறு: கொதி வருமுன் இலையை எடுத்துவிடுங்கள்

சைவ சூப்போ ரசமோ சப்பென்று இருந்தால், எலும்புச் சாறு இல்லாமலே அதைத் தூக்கிவிட ஒரு துண்டு கெல்ப் போதும். குளிர்ந்த கடலில் வளரும் பாசி இது, நம் கரையோரம் கிடைக்காது. பேரங்காடியில் 'கோம்பு' என்று விற்கும் தடித்த உலர்ந்த பட்டைகளை வாங்குங்கள். ஈரச்சந்தையில் முடிச்சுப் போட்டு விற்கும் 'ஹைடாய்' என்ற கெல்ப் மென்று தின்ன நல்லது, சாற்றுக்குச் சுமார்தான்.

பட்டையின் மேல் மாவு பூத்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அது மானிட்டால் என்ற இனிப்புப் பொருள், கழுவிவிடாதீர்கள். மணல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் படர்ந்து முக்கல் வாடை அடித்தால் அதுதான் பூஞ்சணம், தூக்கிப்போடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். இரவே ஊறப்போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காலையில் தெளிந்த சாறு தயார். நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் கெட்டுவிடும். அவசரமென்றால் அரைமணி நேரம் ஊறவைத்துச் சிறுதீயில் ஏற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ்கள் எழும்போதே இலையை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் இலையிலுள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் கரைந்து சாறு வழவழக்கும், கடல் வாடையும் தூக்கலாகும். நமக்கு வேண்டியது சுவை தரும் குளுட்டமேட் என்ற பொருள் மட்டுமே. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கோம்பிலிருந்து பிரித்தது அதைத்தான், அதன் சுவைக்குத்தான் 'உமாமி' என்று பெயரிட்டார். இலையை எடுத்தபின் சாற்றை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் பரவாயில்லை. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி சேர்க்கலாம். சாற்றிலேயே உப்பு உண்டு, அதனால் உப்பைக் கடைசியில் போடுங்கள்.

ஊறிய இலையை மெல்லிசாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி வினிகர் விட்ட நீரில் மெதுவாகும்வரை வேகவைத்து வடித்து, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் பொரியல். வினிகர் இல்லாவிட்டால் நார்நாராக நிற்கும். கான்டனீஸ் வீடுகளில் பச்சைப்பயறு இனிப்பு சூப்பிலும் கெல்ப் போடுவார்கள், ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

அயோடின் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராம் கோம்பிலேயே அதைப்போல் பல மடங்கு இருக்கும், அது சாற்றிலும் இறங்கும். ஆகவே தினமும் வேண்டாம். தைராய்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு அறவே கூடாது.

பையைப் பிரித்ததும் மிச்சத்தைக் காற்றுப்புகா டப்பாவில் போடுங்கள். பட்டை ஒடியாமல் வளைய ஆரம்பித்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், சீக்கிரம் செலவழித்துவிடுங்கள். சாறு குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.